ஒரு சுற்று குறைவாக

மார்ச் 4

அக்காவுக்கு,

உன் போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். என் மெக்கானிக் ஷெட்டில் இருப்பவர்களின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அதையும் அடைத்தாய். இப்படியே போனால் இந்தத் தெருவில் ஒருத்தரும் உன்னிடம் பேச முடியாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மலை தாண்டி உன் பக்கம் லோடு கொண்டுவரும் நெட்டையிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

மாமாவின் கால் எப்படி இருக்கிறது? பாதத்தில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு என்று நெட்டை சொன்னான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் முகத்தை வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்துக் காலையே எடுத்துவிட்டார்களோ என்று பதறிப்போனேன்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற ஹோஸ் கழன்றுவிட்டது என்கிறார்கள். அக்கா, அது எப்படி நடக்கும்? ஹோஸ் புதிது. அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் புதிது. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் என் கையால் போட்டது. அன்று எவ்வளவு லோடு ஏற்றினாய்? மேட்டில் எந்த கியரில் போனாய்? கியரை மாற்றாமல் போட்டு அமுக்கினாயா? டர்போ காற்றை அடைத்து அனுப்புகிற நேரத்தில் அப்படி அமுக்கினால் எந்த ஹோஸும் திணறும். இதையெல்லாம் கொஞ்சம் யோசித்து எழுது.

ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் வண்டியை விடுவதற்கு முன்னால், "உங்க அக்கா வண்டியே மலையில நின்னுடுச்சாமே?" என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கிழிக்கத்தான் போனேன். உன் மாமா பிடுங்கி வைத்துக்கொண்டார். "போன்ல நீங்க ரெண்டு பேரும் பேசினா பக்கத்து ரூம்காரன் காலி பண்ணிட்டுப் போயிடுவான், எழுதித் தொலைங்க" என்கிறார். அவர் பேச்சுக்காக எழுதுகிறேன்.

கியர் சரியான கியர்தான். லோடு வழக்கமான லோடுதான், காகித உருளைகள். இந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம். நீ சைக்கிளில் பெடல் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியிருப்பேன். டம் என்று ஒரு சத்தம். டயர் போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. மிதிக்க மிதிக்க வண்டி முனகுகிறதே ஒழிய ஓர் அடி ஏறவில்லை. அப்படியே அணைந்துவிட்டது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கட்டை! கட்டை!" என்று கத்தினேன். உன் மாமா குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். அந்த இடத்தில் எல்லாம் பொடி ஜல்லி. வண்டி ஒரு தடவை பின்னால் அசைந்தது, கட்டை சறுக்கியது, டயரின் ஓரம் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. ஓரம்தான். முழுதாக உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதமே கிடையாது.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "கொஞ்சம் முன்னால எடு" என்றார், கடையில் தராசைத் தள்ளி வைக்கச் சொல்வதுபோல. முன்னால் எடுக்க வண்டியில் இழுவை எங்கே இருந்தது? பின்னால் வந்தவர்கள் சேர்ந்து தள்ளினார்கள்.

இறங்கிப் பார்த்தால் நீ போட்ட ஹோஸ் ஒரு முனை கழன்று நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடக்கிறது.

நீ கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். அதில் "அக்கா, உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு கேள்விகூட இல்லை.

வண்டியை இந்தப் பக்கத்து ஊருக்கு இழுத்து வந்தாயிற்று. மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் லாரி நிறுத்துமிடம்தான். இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் "கேரண்டி" என்பார், அதனால் பேரே கேரண்டி. அவர் புது ஹோஸ் போட்டுவிட்டார். இனி உன் ஷெட்டுப் பக்கம் வரமாட்டேன். வருகிறவர்களிடம் அதையே பதிலாகச் சொல்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? கேட்டுவிட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் எண்ணை அடைக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்றால் நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாமா கத்தவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு அன்றைக்கு எந்த வண்டியையும் என்னால் தொட முடியவில்லை. ஆட்களை வைத்துச் சமாளித்தேன்.

ஆனால் அந்தக் கேரண்டியை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாரும் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர், வாயும் நல்ல வாய், கைதான் அவசரக் கை. ஹோஸ் சுலபமாக ஏறவேண்டும் என்று உள்ளே கிரீஸ் தடவுவாராம். கிரீஸ் தடவினால் ஏறும்போது சுலபம், இறங்கும்போது அதைவிடச் சுலபம். உன் வண்டிக்குத் தடவியிருக்கிறாரா, கேள். தடவியிருந்தால் கழற்றித் துடைத்துவிட்டுப் போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, வீம்புக்கு இன்னும் தடவுவார்.

இன்னொன்று. மலையில் கழன்ற ஹோஸையும் கிளாம்பையும் தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கு அனுப்பு. நான் எதையும் மறுக்கப் போவதில்லை. என் வேலை எங்கே தப்பியது என்று தெரியாமல் அடுத்த வண்டியில் எப்படிக் கை வைப்பது? தினமும் ஷட்டரைத் தூக்கும்போதே கை கூசுகிறது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

தடவியிருந்தார். உன் கடிதம் வருவதற்குள்ளேயே கழன்றுவிட்டது. நல்லவேளை, ரயில்வே கேட்டுக்கு முன்னால் சமதரை. பின்னால் நின்ற வண்டிகள் அடித்த ஹாரனில் என் மானம் போனது, உயிர் போகவில்லை.

"ஒரு துளி கிரீஸ் கிடையாதும்மா, இந்தத் தடவை கேரண்டி" என்று இன்னொரு ஹோஸ் போட்டார். போட்டவர் சும்மா போட்டாரா? என்மேல் இருந்த பயத்தில் ஸ்பேனர் நுனியில் குழாயைச் செருகி, தொங்கித் தொங்கி இறுக்கினார். கிளாம்பின் தகடு ரப்பரில் கடித்துக்கொண்டு நின்றது. நேற்று நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும்போதே சீறல் சத்தம். கடித்த இடத்தில் கத்தியால் அறுத்ததுபோல நீளமாகக் கீறல்.

உனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடா. எங்கே போனாலும் அந்தச் சீறல்தான் கேட்கிறது. குக்கர் விசிலடித்தால் எழுந்து நிற்கிறேன். பஸ் கதவு திறக்கிற சத்தத்துக்குத் தெருவில் திரும்பிப் பார்க்கிறேன். உன் மாமா குறட்டை விட்டால் எழுப்பி விட்டுவிடுகிறேன், பாவம். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அறையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து அறைக்கு என்று நடந்துகொண்டே இருக்கிறேன். நிறுத்துமிடத்துக் காவல்காரர் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

மலையைப் பார்த்தால் கை வேர்க்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் ஓட்டுவதுதான், அதற்கே கை வேர்த்தால் நான் எதற்கு? அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறார். பிடித்தால் கொடுத்துவிடப் போகிறேன். குடோனில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை இருக்கிறதாம். உட்கார்ந்த இடத்து வேலை, மேடு பள்ளம் கிடையாது.

நீ கேட்ட பழைய ஹோஸும் கிளாம்பும் நெட்டையிடம் இருக்கின்றன. என்ன செய்துவைத்தாய் என்று கண்ணால் பார்த்துக்கொள். அதற்காகத்தான் அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

ஹோஸ் வந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை. எண்ணெய் இல்லை. ரப்பர் நன்றாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு நான் முடித்த பிறகு அந்தக் கிளாம்ப் நட்டை நீ திருகினாயா?

வண்டியைக் கொடுத்துவிடாதே. பதில் வரும்வரை யாருக்கும் சாவியைக் காட்டாதே.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

இதற்காகத்தான் ஹோஸைக் கேட்டாயா? பழியை என் தலையில் கட்டவா?

நான் தொடவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள், தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று உனக்கு ஞாபகம் இல்லையென்றால் நானே சொல்கிறேன்.

ஷெட்டில் பத்துப் பேர் நின்றார்கள். நான் வழக்கம்போல என் பத்து நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட் பக்கம் வந்தேன். நீ கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தாய். "நான் போட்டத நீ மறுபடி திருகினா எல்லாரும் என்ன நினைப்பாங்க? நம்பிக்கை இல்லைன்னா என்கிட்ட எதுக்கு வர்றே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாய். ஒருவன் சிரித்தான். அந்தச் சிவப்புச் சட்டைக்காரன், அவன் பல்லை இன்னும் மறக்கவில்லை.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்து யோசித்தபோது, நீ சொல்வது நியாயம்தானே என்று தோன்றியது. என் தம்பி பெரிய மெக்கானிக், ஊரெல்லாம் நம்புகிறது, நான் மட்டும் அவனைச் சின்னப் பையனாக்கிக்கொண்டு இருக்கிறேனே என்று நினைத்தேன். போகிற வழியில் இரண்டு தடவை இறங்கிப் பார்க்கலாம் என்று கை அரித்தது. உன் மாமாவைக் கேள், ஸ்பேனரை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நானே கேட்டாலும் கொடுக்காதீங்க என்றேன்.

வாழ்நாளில் முதல் தடவையாக நீ செய்த வேலையை அப்படியே நம்பி மலை ஏறினேன். அதற்குக் கிடைத்ததுதான் இந்த மாவுக்கட்டு.

வண்டி பார்க்கிறவர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

நெட்டை டீ குடிக்கப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

மற்ற எல்லார் வண்டியிலும் நட்டை நான் முழுக்க இறுக்குவேன். உன் வண்டியில் மட்டும் ஒரு சுற்று குறைவாக விடுவேன். இன்று நேற்று அல்ல, ஷெட் திறந்த நாளிலிருந்து. ஏனென்றால் நீ எப்படியும் வருவாய். நான் முழுக்க இறுக்கி, அதன்மேல் நீயும் ஒரு சுற்று சுற்றினால் தகடு ரப்பரைக் கடித்துவிடும், கேரண்டி செய்தாரே, அதேபோல. "திருகாதே" என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், சண்டை வரும். அதனால் உன் பங்கை உனக்கு விட்டுவைத்தேன். நீ சுற்றி முடித்ததும் சரியான இறுக்கத்தில் வந்து நிற்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

இந்தப் பழக்கம் ஷெட்டில் வந்ததல்ல. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? நான் மூடுவேன். வாசலில் நீ பிடுங்கி இன்னொரு தடவை இறுக்குவாய். ஒருநாள் எவ்வளவு முயன்றும் திறக்க முடியவில்லை, சாயங்காலம் வரைக்கும் தாகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து மூடியைக் கொஞ்சம் தளர்வாகவே விட ஆரம்பித்தேன். கை அப்படியே பழகிவிட்டது.

அன்றைக்கு அந்தச் சிவப்புச் சட்டைக்காரன், "உங்க அக்காதான் இந்த ஷெட்டுக்கு இன்ஸ்பெக்டரா?" என்று கிண்டலடித்துக்கொண்டே இருந்தான். ரோஷம் வந்துவிட்டது. உன்னைப் பார்த்துக் கத்தினேன். கத்தினவன், உன் பங்கையும் சேர்த்துச் சுற்றியிருக்க வேண்டுமா இல்லையா? என் கைக் கணக்கில் அந்த நட்டு வேலை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. நீ என் பேச்சைக் கேட்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. ஒருநாளும் கேட்டதில்லையே.

பழைய ஹோஸை அனுப்பும்போது உற்றுப் பார்த்தாயா? கிளாம்ப் உட்கார்ந்த தடம் ரப்பரில் பென்சிலால் கோடு போட்டதுபோல லேசாக இருக்கிறது. நீ சுற்றிய மற்ற ஹோஸ்களில் தடம் அழுத்தமாக இருக்கும். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனால் உன் வாயால் கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டியைக் கொடுக்காதே. வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் டக் என்று சத்தம் போட்டுச் சொல்கிற ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. இனி உன் வண்டிக்கு என் கைக் கணக்கும் வேண்டாம், உன் கைக் கணக்கும் வேண்டாம். வண்டியைப் பார்த்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுவிடு, வாயைத் திறக்கமாட்டேன். மாமாவிடம் சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதைக் காகிதத்தில் எழுத முடியாது.

நெட்டை ஹாரன் அடிக்கிறான்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

மலை உச்சியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உச்சியில். இதைப் படிக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். இங்கிருந்து பாதை பிரிகிறது, என் லோடு இடது பக்கம் போகிறது. உன் பக்கம் இறங்குகிற நெட்டை பக்கத்து மேஜையில்தான் இருக்கிறான். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறான், கழுத்தும் நீளம்.

வியாழக்கிழமை உன்னிடம் சரியாகப் பேசவில்லை. உன் ஒன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, மறுபடி கோபம் வந்தது. உன்னை அடிக்க வேண்டும் என்றுதான் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். நீ பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முடி கலைந்து, வாந்தி எடுத்த முகத்தோடு இறங்கினாய். மலைப் பஸ் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடிக்கத் தோன்றவில்லை.

அறை வாசலிலேயே நின்றாயே, அப்போது உன் மாமா சொன்னது இன்னும் இந்தப் பக்கமெல்லாம் பேச்சாக இருக்கிறது. "உள்ள வாடா. கால்தான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. சொல்ல வந்ததை அங்கேயிருந்து கத்தாம பக்கத்துல வந்து சொல்லு." நீ பக்கத்தில் போய் ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டாய். அவருக்கு அது போதுமாம். எனக்கும் போதும். அதற்குமேல் கேட்கமாட்டேன்.

நீ கொண்டுவந்த புது ஹோஸைப் போட்டு, டக் என்று சத்தம் வரும்வரை இறுக்கினாய். இறுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி ஸ்பேனரை நீட்டினாய். நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வந்தவரிடம், மலை ஏறி இறங்கிய பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இன்றைக்கு உன் மாமா நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார், வேறு எப்படி நிற்பார். மாவுக்கட்டை டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "கட்டை போட ஆள் இல்லையே" என்றேன். "அப்போ நிக்காம ஓட்டு" என்றார்.

அடிவாரத்தில் நிறுத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், பானெட்டைத் திறந்தேன். என் பத்து நம்பரை எடுத்தேன். நட்டின் மேல் வைத்தேன். வைத்தது வைத்ததுதான், திருகவில்லை. எடுத்துவிட்டேன். உன் மாமா கேபினிலிருந்து, "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

அந்த வளைவு வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். காது முழுக்க எஞ்சினில் இருந்தது. சீறல் இல்லை, புகை இல்லை, டர்போவின் அந்த விசில்தான், ஒரே சீராக. வளைவைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். உன் மாமா என் கையைப் பார்த்தார். வேர்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வேர்த்தது. ஆனால் ஸ்டியரிங் வழுக்கவில்லை.

வண்டியை விற்கவில்லை. மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற வேலைக்கு வேறு யாராவது போகட்டும். நீ இறுக்கிய விதத்தைக் கிளம்பும்போது கேரண்டியிடம் சொன்னேன், அவர் அந்த டக் ஸ்பேனர் எங்கே கிடைக்கும் என்று உன்னைக் கேட்கச் சொன்னார்.

இந்தக் கடிதத்தோடு என் பத்து நம்பர் ஸ்பேனரையும் நெட்டையிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடமே இருக்கட்டும். என்னிடம் இருந்தால் கை சும்மா இருக்காது. உன் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். உடனே கூப்பிடாதே, சாயங்காலம்வரை நான் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் நீ எனக்கென்று ஒரு சுற்று மிச்சம் விட்டாய், எனக்குத் தெரியவே தெரியாது. உன்னை நம்பாமல்தான் திருகினேன் என்று நீ நினைத்திருப்பாய். நம்பாமல் இல்லைடா. நீ செய்ததில் என் கையும் கொஞ்சம் பட்டால் எனக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

இனி வண்டியில் எதையும் விட்டுவைக்காதே. முழுக்க இறுக்கு. அடுத்த தடவை இங்கே வரும்போது உன் தண்ணீர் பாட்டில் மூடியை மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டு வை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா